முதல் துண்டு

அவள் வீட்டில் ஓவன் போட்டால் எங்கள் வீட்டு ட்யூப்லைட் மினுக்கும். ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். எண்பதுகளில் எங்கள் பக்கம் கரண்ட் எப்போதும் பல்லிளித்துக்கொண்டுதான் இருக்கும். டிவியில் படம் நாலு பக்கமும் சுருங்கி, பேசுகிறவன் குரல் அமுங்கினால், "ஆரம்பிச்சிட்டா மகராசி" என்று எனக்குத் தெரிந்துவிடும். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாக எசன்ஸ் வாசனை வரும். எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவேன். புழுங்கிச் செத்தாலும் சரி என்று சாத்துவேன். அவ்வளவு எரிச்சல் எனக்கு.

பொறாமைதான். வேறு பேர் வைத்து அதற்குப் பவுடர் பூசப் போவதில்லை.

அவள் புருஷனும் என் புருஷனும் ஒரே ஃபாக்டரி, ஒரே ஷிப்ட். அவர்கள் நாகர்கோயில் பக்கம். நான் அம்பத்தூர்க்காரி. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வருவதற்கு முன்னால் அந்த நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவள் என் அம்மா. எங்கள் பரம்பரையில் கேக் என்பது கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் ஒரு பொருள். அதை ஒருத்தி வீட்டிலேயே செய்வாள் என்று நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

அவள் வருவதற்கு முன்னால் எங்கள் பிளாக்கில் எந்தக் குழந்தைக்குப் பிறந்தநாள் என்றாலும் கேசரிதான். கேசரி என்றால் நான்தான். எவ்வளவு ரவைக்கு எவ்வளவு நெய், எப்போது முந்திரி போடுவது, கட்டி விழாமல் எப்படிக் கிளறுவது, எல்லாம் என் கைக்குள் இருந்தது. "கேசரியக்கா வந்தாத்தான் அடுப்பு பத்த வைப்பேன்" என்று மூன்றாவது வீட்டுக்காரி சொல்வாள். நான் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு போவேன். நாலு பேர் நடுவில் நின்று கரண்டி பிடிக்கிற சுகம் இருக்கிறதே, அதை அனுபவித்தவளுக்குத்தான் தெரியும்.

அப்புறம் அவள் வந்தாள், ஓவனோடு வந்தாள். அலுமினியத்தில் வட்டமாக, சோற்றுக்குண்டான் மாதிரி, மூடியில் ஒரு கண்ணாடிக் கண் வைத்தது. முதல் வருஷம் அவள் மகன் பிறந்தநாளுக்கு எல்லாரையும் கூப்பிட்டாள். நடுவீட்டில் ஸ்டூல் மேல் ஒரு கேக். வெள்ளை ஐசிங், அதன் மேல் ரோஸ் கலரில் பூ, பச்சையில் இலை, ஓரத்தில் சங்கிலி சங்கிலியாக ஒரு பார்டர். பொம்பளைகள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். நானும் பிளந்தேன். உடனே மூடிக்கொண்டேன்.

அடுத்த மாதமே மூன்றாவது வீட்டுக்காரி கட்சி மாறிவிட்டாள். என் கேசரியைக் கூப்பிட்டார்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கேக்குக்குப் பக்கத்தில், தட்டின் ஓரத்தில், மிக்சருக்கும் கீழே. பிள்ளைகள் கேக்கைத் தின்றுவிட்டுக் கேசரியை விரலால் நோண்டி வைத்துவிட்டு ஓடின. பாதிக் கேசரியை அதே பாத்திரத்தில் வீட்டுக்கு எடுத்து வந்தேன். "இன்னாமே, இவ்ளோ மிச்சம் கீது?" என்றார் என் வீட்டுக்காரர். "துன்னு" என்று பாத்திரத்தை அவர் முன்னால் வைத்தேன்.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். அதுவும் இல்லை. தண்ணிக் குழாயில் பார்த்தால் "அக்கா, நீங்க முதல்ல பிடியுங்க" என்பாள். என் மீன் குழம்பை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு "ரொம்ப நல்லா இருக்குக்கா" என்பாள். என் கேசரிக்கும் அதேதான், "ரொம்ப நல்லா இருக்குக்கா." ஒரு தடவை உப்பே போடாமல் ரசம் கொடுத்தனுப்பினேன், மறந்துபோய். அதற்கும் நல்லா இருக்குக்கா. உயரத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்குப் பாராட்டுவதில் என்ன நஷ்டம்? கீழே இருப்பவளைப் பார்த்துத் தாராளமாகப் புன்னகைக்கலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதெல்லாம்கூட நான் தாங்கிக்கொண்டிருப்பேன். என் மகள் விஷயத்தில்தான் வயிறு நிஜமாகவே எரிந்தது.

எனக்கு ஒரே பெண். ட்யூப்லைட் மினுக்கியதும் அவள் செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிடுவாள். "ஆன்ட்டி கூப்ட்டாங்க" என்பாள். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அங்கே போய் மாவு கலக்கிய கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டு, மூக்கில் ஐசிங்கோடு வருவாள். ராத்திரி என் பக்கத்தில் படுக்கும்போது அவள் தலைமுடியில் அந்த எசன்ஸ் வாசனை அடிக்கும். என் குழந்தையின் தலையில் இன்னொருத்தி வீட்டு வாசனை. எந்தத் தாய்க்குப் பொறுக்கும்?

என் மகளின் ஆறாவது பிறந்தநாளுக்கு அந்த ஆன்ட்டிதான் கேக் செய்து கொடுத்தாள். முயல் குட்டி மாதிரி, காதெல்லாம் வைத்து. மெழுகுவர்த்தி ஊதி, எல்லாரும் கை தட்டி, என் மகள் ஒரு துண்டு வெட்டினாள். யாரோ ஒருத்தி வழக்கம்போலக் கேட்டாள்: "மொத துண்டு யாருக்கு?" எங்கள் பிளாக்கில் அது ஒரு சடங்கு. யாரை ரொம்பப் பிடிக்குமோ அவர்கள் வாயில் ஊட்ட வேண்டும். எல்லாப் பிள்ளையும் அம்மாவுக்குத்தான் ஊட்டும். அப்பாக்காரன் பொய்க்கோபம் காட்டுவான், எல்லாரும் சிரிப்பார்கள். நான் வாயைத் திறந்துகொண்டு குனிந்தேவிட்டேன்.

என் பெண் என்னைத் தாண்டிப் போய் அவளுக்கு ஊட்டினாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "ஆன்ட்டி பொண்ணுடி நீ" என்று மூன்றாவது வீட்டுக்காரி வேறு எடுத்துக் கொடுத்தாள். நானும் சிரித்தேன். திறந்த வாயை மூட வேண்டுமே, அதற்காகவாவது சிரித்தேன். அன்றைக்கு மிச்சமிருந்த முயலின் காதை எனக்குக் கொடுத்தார்கள். நான் தின்னவில்லை.

அடுத்த பிறந்தநாளுக்கு அந்த முதல் துண்டு என் வாயில் விழ வேண்டும், அதுவும் நான் செய்த கேக்காக இருக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

ஏழாவது பிறந்தநாள் நெருங்கியது. ஒருநாள் அவள் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டே, "இந்த வருசம் பிள்ளைக்குப் பொம்மை கேக் போட்டுருவோமாக்கா? நடுவுல பொம்மைய நிறுத்தி, பாவாடையெல்லாம் கேக்குல செய்யணும்னு கேட்டுட்டுக் கெடக்கா" என்றாள். என்னிடம் சொல்லாமல் அவளிடம் கேட்டிருக்கிறது என் பெண். "இந்த வருஷம் நானே செய்றேம்மா" என்றேன். ஈரத்துணி அவள் கையில் அப்படியே நின்றது. பிறகு சிரித்தாள். "செய்யுங்கக்கா, நல்ல காரியம்லா. என்ன வேணும்னாலும் கேளுங்க."

பொம்மை கேக் இல்லையென்று தெரிந்ததும் என் மகள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். சோற்றுக்கு வரச் சொன்னால் வரவில்லை. கடைசியில் அவள் அப்பா குனிந்து காலைப் பிடித்து இழுத்து எடுத்தார். "ஊட்லயே செய்யணும்னு இன்னா அவசியம்? பேக்கரில வாங்கிக்கினு வந்தா போச்சு" என்றார் என்னிடம். "உனுக்கு ஒண்ணும் தெரியாது, வுடு" என்றேன். அந்த மனுஷனுக்கு முதல் துண்டெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

எனக்கு ஓவன் கிடையாது. குக்கரில் மணல் போட்டுச் செய்யலாம் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். சேக்காடு பக்கம் வீடு கட்டுகிற இடத்தில் ஒரு பை மணல் கேட்டு வாங்கி, சலித்து, கழுவி, காயவைத்தேன். குக்கர் மூடியில் ரப்பரையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, மணலைச் சூடாக்கி, அதன் மேல் மாவுப் பாத்திரத்தை வைக்க வேண்டும். அதெல்லாம் சரி. மாவுக்கு என்ன பக்குவம்? அதற்கு அவளிடம்தான் போக வேண்டும். மீசை இருந்திருந்தால் அதில் மண் ஒட்டியதைத் துடைத்துக்கொண்டு போயிருப்பேன்.

அவள் கிறிஸ்துமஸுக்கு ஒரு கேக் செய்வாள், கறுப்பாக, கும்மென்று மணக்க, தொட்டால் பஞ்சாக அமுங்கும். அதைத்தான் கேட்டேன். அவள் தயங்காமல் சொன்னாள். "முட்டை நாலு, மைதா, வெண்ணெய், சர்க்கரை. சர்க்கரைய மட்டும் லேசா தண்ணி விட்டுக் காச்சி, வடிகட்டிக்கிடுங்க. மண்ணும் தூசியும் கெடக்கும்லா. நல்லா ஆறின பொறவு ஊத்துங்க." ஒவ்வொன்றுக்கும் அளவும் சொன்னாள். ரேஷன் சர்க்கரையில் மண் இருப்பது ஊருக்கே தெரியும். அதனால் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

ரேஷன் சர்க்கரையைக் காய்ச்சினேன், வடிகட்டினேன், ஆற வைத்தேன், ஊற்றினேன். வந்தது வெளிறிப்போன ஒரு வட்டம். கத்தி இறங்கவில்லை. வாசனையும் இல்லை, கறுப்பும் இல்லை. என் வீட்டுக்காரர் ஒரு துண்டை வாயில் போட்டு, கொஞ்ச நேரம் தாடையை அசைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாமே இது, ஊட்டுக்கு அஸ்திவாரம் போட்றியா?" என்றார். மறுபடி செய்தேன். மறுபடியும் அதே வெளுப்பு. மூன்றாவது தடவை நடுவில் குழி விழுந்து, ஓரத்தில் பாகு கல்லாக இறுகிப் பாத்திரத்தை விட்டு வரவே மாட்டேன் என்றது. ஆச்சரியம் என்னவென்றால், என் பெண் மூன்றையும் தின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. கோபத்தில் தின்கிறாள் என்று நான் நினைத்தேன்.

மூன்றாவது கேக்கைச் சுரண்டும்போது எனக்கு விளங்கிவிட்டது. மறைத்திருக்கிறாள். ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறாள். எவளாவது கைப்பக்குவத்தை முழுசாகச் சொல்லுவாளா? எனக்குக் கோபம் வந்ததை விடச் சந்தோஷம் வந்ததுதான் நிஜம். மகராசி மாட்டிக்கொண்டாள்! இத்தனை நாள் தேனொழுகப் பேசியதற்கெல்லாம் அர்த்தம் கிடைத்துவிட்டது. கை கழுவாமல்கூடப் போய் அவள் கதவைத் தட்டினேன்.

"நெஜமா சொல்லு. இன்னாத்த மறைச்ச?"

அவள் முழித்தாள். "என்னத்தக்கா மறைச்சேன்?"

"நீ சொன்ன மாதிரியே சக்கரைய காச்சித்தான் ஊத்துனேன். மூணு தபா. வெள்ள வெளேர்னு கல்லாட்டம் வருது. உன்னுது மட்டும் எப்படி கறுப்பா வருது?"

"சர்க்கரைதான்க்கா போட்டேன், வேற ஒண்ணும் இல்ல" என்று உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வந்து திறந்து காட்டினாள். "இந்தா பாருங்க, சர்க்கரை."

உள்ளே இருந்தது வெல்லம். கறுத்த, பிசுபிசுத்த, அச்சு வெல்லம்.

"இது வெல்லம்!" என்றேன்.

"ஆமா, இங்க கடையில வெல்லம்னுதான் கேட்டு வாங்குவேன். எங்க ஊர்ல இதுதான் சர்க்கரை. நீங்க போட்டது..." அவளுக்கே விளங்கிவிட்டது. "ஐயோ அக்கா, சீனியவா காச்சி ஊத்துனீங்க!" டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் புருஷனும் எட்டிப் பார்த்து, விஷயம் கேட்டுச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவள் மறைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! என் பொறாமைக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும், நாலு பேரிடம் சொல்லலாம், பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். அதையும் பிடுங்கிக்கொண்டாள். தப்பு அவளுடையது இல்லை, என்னுடையதும் இல்லை, ஒரு வார்த்தை ஆவடியில் ஒன்றாகவும் நாகர்கோயிலில் வேறாகவும் இருந்ததுதான் தப்பு. வார்த்தையிடம் போய் யார் சண்டை போடுவது? எரிகிற வயிறு மட்டும் அப்படியே எரிந்தது.

பிறந்தநாள் அன்று என் வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் குக்கரை ஏற்றினேன். இந்தத் தடவை வெல்லம். மண்ணும் தூசியும் அடியில் தங்க வடிகட்டி, ஆறவிட்டு ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் வாசனை எழும்பியது. ஜன்னலைத் திறந்தேன். இரண்டு கதவையும் அகலமாகத் திறந்து கொக்கி போட்டேன். போகட்டும், அந்தப் பக்கம் போகட்டும்.

கேக் உப்பி வந்தது. ஐசிங்தான் காலை வாரியது. மார்கழியில் வாசல் முழுக்கக் கோலம் போடுகிற கை, இதென்ன பெரிய வித்தை என்று நினைத்திருந்தேன். கோலப்பொடி விரலிடுக்கில் தானாக விழும், இதை அமுக்க வேண்டும். பால் கவரில் ஐசிங்கை அடைத்து மூலையில் ஓட்டை போட்டு அமுக்கினால், ஓட்டை வழியாக வராமல் பின்பக்கமாக என் ரவிக்கை மேல் வந்தது. பூவெல்லாம் வேண்டாம் என்று விட்டுவிட்டு மகளின் பேரை மட்டும் எழுதினேன். முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டதால் கடைசி எழுத்துக்கு இடமில்லாமல் அது கேக்கின் பக்கவாட்டில் இறங்கிவிட்டது. அழித்து எழுத நேரம் இல்லை.

சாயங்காலம் பிளாக்கே வந்தது. அவளும் மகனோடு வந்தாள், பரிசாக ஒரு பொம்மையைக் கொண்டு வந்தாள். கேக்கைப் பார்த்து, "ரொம்ப நல்லா இருக்குக்கா" என்றாள். பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்த எழுத்தைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்தாள். மூன்றாவது வீட்டுக்காரி என் காதருகே வந்து, "அவளே செஞ்சி குட்த்திருப்பாளே, உனுக்கு இன்னாத்துக்கு இந்த வேல?" என்றாள்.

மகள் மெழுகுவர்த்தியை ஊதினாள். துண்டு வெட்டினாள். யார் கேட்டார்களோ தெரியாது, கேட்டார்கள்: "மொத துண்டு யாருக்கு?"

இந்தத் தடவை நான் குனியவில்லை. போன வருஷம் பட்டது போதும். ஆனாலும் வாய்க்குள் எச்சில் ஊறியது. கேக்கைக் கையில் எடுத்துக்கொண்டு என் பெண் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைத் தாண்டி நடந்தாள். நேராக அவளிடம் போனாள்.

யாரோ சிரித்தார்கள். அடுப்படிக்குள் போய்விடலாம் என்று காலை எடுத்துவிட்டேன்.

"துன்னு பாருங்க ஆன்ட்டி" என்றது என் மகளின் குரல், கணீரென்று. "எங்கம்மா செஞ்சது. குக்கர்ல எல்லாம் கேக் வராது, எங்கம்மாவுக்கு வரவே வராதுன்னு அங்கிள்கிட்ட சொன்னீங்க இல்ல? வந்துச்சு பாருங்க."

அவள் வாயைத் திறந்தாள், வேறு என்ன செய்ய முடியும்? என் பெண் துண்டு முழுவதையும் உள்ளே திணித்தாள். அவள் மென்றாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மெல்ல மெல்ல அவள் முகம் மாறியது. புருவம் லேசாக நெருங்கியது, கன்னம் இறுகியது, வாய் மட்டும் சிரிக்கப் பார்த்தது. எனக்குப் பழக்கமான முகம்தான் அது. இத்தனை நாளும் நான் போட்டுக்கொண்டு திரிந்த முகம்.

விழுங்கிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்.

"அடி கரிஞ்சிருக்குக்கா" என்றாள்.

மூன்று வருஷத்தில் அவள் என்னைச் சொன்ன முதல் குறை. என் உச்சந்தலை குளிர்ந்துவிட்டது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

"கரிஞ்சிருக்கா?" என்றேன். கத்தியை எடுத்து இன்னொரு துண்டு, அதைவிடப் பெரிதாக வெட்டி அவள் தட்டில் வைத்தேன். "நல்லா துன்னு பாத்து சொல்லும்மா."